குப்பைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

கிழக்குத் தாம்பரத்தில் நான் குடியிருக்கிற தெருவுக்குக் காலை வேளையில் இரண்டு வண்டிகள் வரும். ஒன்று பேட்டரி வண்டி. 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று ஸ்பீக்கரில் பாடிக்கொண்டே வரும். இன்னொன்று மூன்று சக்கர சைக்கிள். 'பழைய பேப்பேய்ய்ய்...' என்று அதை மிதிக்கிறவரே பாடிக்கொண்டு வருவார். சைக்கிள்காரர் நமக்குக் காசு கொடுத்துவிட்டு எடுத்துப் போகிறார். பேட்டரி வண்டிக்கு நாம் வரி கட்டி எடுத்துப் போகச் சொல்கிறோம்.

இரண்டும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே வாசல் வழியாக வெளியே போகிற சாமான்தான். ஒன்றை அட்டையாகவும் பேப்பராகவும் கட்டி வைத்தோம். இன்னொன்றைச் சாம்பார் மிச்சத்தோடு சேர்த்துக் கவரில் முடிச்சுப் போட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்தவன். (சொன்னவுடனே 'எந்த பேங்க்கில் வேலை?' என்று கேட்பார்கள். எந்த பேங்க்கிலும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.) படித்த படிப்புக்கு மரியாதையாக, உள்ளாட்சி பட்ஜெட் என்று பேப்பரில் எதாவது வந்தால் முதலில் குப்பைக் கணக்கைத்தான் தேடுவேன். வண்டி வாங்க இவ்வளவு, டீசலுக்கு இவ்வளவு, ஒப்பந்தக்காரருக்கு இவ்வளவு, கிடங்குக்கு இவ்வளவு... எல்லாமே 'போனதற்கு' ஆன செலவு. போகாமல் நின்ற குப்பைக்கு ஒரு வரி கூட இருக்காது. அதாவது, நீங்கள் பத்து கிலோவைப் பிரித்து பேப்பர் கடைக்குப் போட்டதால் லாரியில் பத்து கிலோ குறைந்தது பாருங்கள், அந்த மிச்சத்தை வரவு வைக்க அங்கே தலைப்பே கிடையாது!

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். என்னைக் கேட்டால் மறுசுழற்சியின் தலையெழுத்தே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சென்னையில் 2000-ல் சில மண்டலங்களின் குப்பையை 'ஓனிக்ஸ்' என்ற தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனிக்குச் சம்பளம் எப்படி? எடைக்கு! டன்னுக்கு இவ்வளவு ரூபாய். இதைப் பற்றி எங்கள் பக்கத்துப் பழைய பேப்பர் கடை அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். தராசோடு பிறந்தவர் அவர்.

"தம்பி, நான் எடைக்குக் காசு குடுக்கேன்னு வச்சுக்கோங்க, நீங்க பேப்பரை நனைச்சுக் கொண்டு வருவியளா, காயவச்சுக் கொண்டு வருவியளா?"

"நனைச்சுத்தான் அண்ணாச்சி!"

"அம்புட்டுதான் சூத்திரம்."

எடைக்குக் காசு வாங்குகிற எவரும் எடையைக் குறைக்க ஆசைப்படமாட்டார்கள். பால் கவரையும் பாட்டிலையும் பிரித்து எடுத்துவிட்டால் அவருக்கு வருமானம் போச்சு. பின்னால் 2020-ல் சென்னையில் புது ஒப்பந்தம் போட்டபோது எடைக் கணக்கை விட்டுவிட்டு, வேலை எப்படி நடந்தது என்று பார்த்துப் பணம் கொடுக்கிற முறைக்குப் போனார்கள். நல்லது. ஆனால் இந்தப் புத்தி வருவதற்குள் பெருங்குடியில் மலை எழும்பிவிட்டது.

பெருங்குடிக்கு வழி கேட்க வேண்டாம். மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு மூக்கே சொல்லிவிடும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், தென் சென்னையின் குப்பையைப் பல வருஷம் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய மேடு. 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. அதே வருஷம் அதைத் தோண்டிப் பிரித்து அப்புறப்படுத்தும் 'பயோமைனிங்' வேலையைத் தொடங்கினார்கள். திட்டச் செலவு சுமார் 350 கோடி ரூபாய்!

இதைத்தான் எங்கள் கணக்கியல் வாத்தியார் 'கொடுபட வேண்டிய செலவு' என்று கரும்பலகையில் எழுதுவார். இந்த வருஷம் ஆன செலவை இந்த வருஷமே எழுதாமல் விட்டால், லாபம் இருப்பதுபோலத் தெரியும். ஒருநாள் மொத்தமாக வந்து கழுத்தைப் பிடிக்கும். கொட்டுவதுதான் மலிவு, பிரிப்பதற்கு யார் செலவு பண்ணுவது என்று முப்பது வருஷமாகச் சொன்ன கணக்கில், இந்த 350 கோடியை யாரும் சேர்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கதையும் இதன் சின்னத் தம்பிதான். மேற்குத் தாம்பரத்தில் கன்னடபாளையம், சிட்லபாக்கத்தில் ஏரிக்கரை என்று ஊருக்கொரு கொட்டுமிடம். சிட்லபாக்கம்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடித்தான் ஏரிக்கரையை மீட்டார்கள். பல்லாவரமும் தாம்பரமும் தனித்தனி நகராட்சிகளாக இருந்த காலத்தில் இரண்டும் சேர்ந்து, மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்ட உதவியோடு, தனியார் கம்பெனி ஒன்றைக் கூட்டுச் சேர்த்து ஒரு பெரிய குப்பை ஆலைக்கு ஏற்பாடு செய்தன. குப்பையிலிருந்து மின்சாரம் வரும் என்றெல்லாம் அப்போது பேச்சு. ஆலை எங்கே? தாம்பரத்திலும் இல்லை, பல்லாவரத்திலும் இல்லை. வண்டலூருக்குக் கிழக்கே, வெங்கடமங்கலம் என்கிற கிராமத்தில்! நாற்றம் தாங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள்.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் குப்பை விஷயத்தில் உள்ள உறவு இதுதான். நகரம் லாரி அனுப்பும். கிராமம் இடம் கொடுக்கும்.

சரி, பணத்தில் பங்கு? அங்கேதான் வேடிக்கை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகள். எல்லாம் ஒரே குடையின் கீழ், 70 வார்டுகளாக. முடிச்சூர், மேடவாக்கம், அகரம்தென் போன்ற ஊராட்சிகள் அன்றைக்குக் குடைக்கு வெளியே நின்றன. பேருக்குத்தான் ஊராட்சி. மேடவாக்கத்தில் போய் 'இது கிராமம்' என்று சொல்லிப் பாருங்கள். லிஃப்ட்டில் இருந்து இறங்கி வந்து சண்டை போடுவார்கள்!

அடுக்குமாடிக்கு அடுக்குமாடி பக்கத்தில் நிற்கிறது. ஒன்று மாநகராட்சி எல்லைக்குள், மற்றது ஊராட்சிக்குள். இரண்டு வீட்டிலும் அதே பீட்ஸா டப்பா, அதே டயப்பர், அதே ஆன்லைன் பார்சல் அட்டை. ஆனால் ஊராட்சிக்குப் பணம் வருவது கிராமத்து அளவுகோலில். 2020-ல் தொடங்கிய தூய்மை பாரதம் (கிராமப்புறம்) இரண்டாம் கட்டத்தில் திடக்கழிவு வசதிகளுக்கு ஒதுக்கியதைப் பாருங்கள். 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 60 ரூபாய். அதற்கு மேல் போனால் தலைக்கு 45. தலைக்கு 45 ரூபாய் வருஷா வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள். திட்டத்துக்கே அவ்வளவுதான்! அதிலும் 30 சதவிகிதத்தை ஊராட்சி தனக்கு வருகிற நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். பத்தாயிரம் பேர் உள்ள ஊராட்சி என்றால் 4,50,000 ரூபாய். ஷெட், தரம் பிரிக்கும் மேடை, வண்டி எல்லாம் இதற்குள்.

பிளாஸ்டிக்குக்கு என்று தனியாக, ஓர் ஒன்றியத்துக்கு ஓர் ஆலை என்ற கணக்கில் 16 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஒன்றியம் என்றால் ஒரு ஊரா, இரண்டு ஊரா? அத்தனை ஊர் பிளாஸ்டிக்கும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவருகிற வண்டிக்கு டீசல் யார் போடுவது என்பதை அந்தந்த ஊராட்சியின் சாமர்த்தியத்துக்கு விட்டாயிற்று.

இந்தத் 'தலை'யை எப்போது எண்ணினார்கள் என்று கேட்டீர்களா? நாட்டில் கடைசியாக முடிந்த கணக்கெடுப்பு 2011. அடுத்தது 2021-ல் நடந்திருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. 15-வது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பங்கு போட எடுத்துக்கொண்டதும் 2011 மக்கள்தொகைதான். அந்த வருஷம் பிறந்த பையனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் அதற்கப்புறம் எத்தனை மாடி ஏறிவிட்டன! பல ஆயிரம் பேர் குப்பை போடுகிறார்கள். நிதிக் கணக்கில் அவர்கள் இன்னும் குடிவரவே இல்லை.

ஊராட்சிகளில் தெருவைப் பெருக்கித் தரம் பிரிக்கிறவர்களுக்குத் 'தூய்மைக் காவலர்' என்று பெயர். 150 வீட்டுக்கு ஒருவர் என்பது கணக்கு. மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆகியிருக்கிறது. கவனியுங்கள், சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 'மதிப்பு' என்ற வார்த்தை இருப்பதால் பணம் குறைவாக இருக்கலாம் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். 300 ஃப்ளாட் உள்ள ஒரே ஒரு அடுக்குமாடிக்கு இந்தக் கணக்கில் இரண்டு பேர்.

தரம் பிரிக்கிற ஷெட் ஒன்றில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பேச்சுக் கொடுத்த அம்மாவுக்குத் தொந்தரவு வரக்கூடாது. ஐம்பது வயசிருக்கும். கை தானாக வேலை செய்கிறது. கண் என்னைப் பார்த்துப் பேசுகிறது.

"இந்தத் தண்ணி பாட்டிலுக்குக் காசு இருக்கு ஸார். அட்டைக்கு இருக்கு. பால் கவருக்கு இருக்கு, கழுவியிருந்தா. இந்தா பாருங்க..." என்று ஒரு பிஸ்கட் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளி மாதிரி பளபளவென்று. "இதை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். ஆனா நாள் பூரா பொறுக்குறதுல இதான் ஜாஸ்தி."

"பொறுக்காம விட்டுட்டா?"

"உரக்குழிக்குள்ள போயிடும். அப்புறம் உரமும் விக்காது. நான் பொறுக்கினா எனக்கு ஒண்ணும் இல்ல. பொறுக்கலைன்னா எல்லாருக்கும் நஷ்டம்."

எம்.பி.ஏ. வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் எடுக்கிற சமாசாரம். அந்த அம்மா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நம்மூர்க் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். விற்கிற சரக்கு என்பது மேலாக உள்ள கொஞ்சம். அதைப் பழைய பேப்பர்க்காரரும், பொறுக்குகிறவர்களும், வேலைக்கார அம்மாக்களும் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த பரம்பரை அல்லவா! ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் வந்து சேருவது, சந்தை வேண்டாம் என்று தள்ளிய மிச்சம். அதை விற்று அதிலேயே செலவைச் சரிக்கட்டு என்றால் எப்படி நடக்கும்? 'குப்பையிலிருந்து கோடி' என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த பிஸ்கட் கவரை ஒருநாள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

(நடுவில் ஒரு வரிச் சேதி: 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவிகிதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி ஆறுதல் தேட முயன்றேன். "எனக்கேவா?" என்றார்.)

பிஸ்கட் கவருக்குக் காசு தரவேண்டியவர் யார்? பிஸ்கட் போட்டவர். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. பிளாஸ்டிக் பாக்கெட்டில் சரக்கு விற்கிற கம்பெனிகள், அந்த அளவுக்குப் பிளாஸ்டிக் மறுபடி சேகரித்துப் பக்குவம் செய்யப்பட்டதற்குச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை. அதை விற்கிற காசு முதலில் போவதும் ஆலைக்கு. ஷெட்டில் குந்தியிருக்கிற அம்மாவுக்கு அதிலிருந்து கிலோவுக்கு இவ்வளவு என்று கொண்டுவந்து சேர்க்க, உள்ளாட்சிதான் ஆலையோடு பேசி ஒப்பந்தம் போட வேண்டும். ஒரே ஒரு ஊராட்சி போய் நின்றால் ஆலைக்காரர் என்ன மதிப்பார்? மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்து ஒரே சரக்காகப் பேசினால்தான் விலை.

காசு வைத்தால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டுக்குள் உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்துவிட்டது! போதையில் வீட்டுக்கு வழி தெரியாதவர்களுக்கும் பாட்டிலைக் கொண்டுவர வழி தெரிந்திருக்கிறது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இதைக் கொண்டு போனார்கள்.

கொரியாவில் 1995-லிருந்து வேறொரு தினுசு. குப்பை போட வேண்டுமென்றால் அதற்கென்று விற்கிற பையைக் காசு கொடுத்து வாங்கி அதில்தான் போட வேண்டும். அதிகக் குப்பை, அதிகப் பை, அதிகக் காசு. பிரித்து வைத்த பாட்டில், பேப்பருக்குப் பை வேண்டாம், இலவசம். நம்மூரில் இதற்கு நேரெதிர். சென்னையில் 2021 ஜனவரியிலிருந்து குப்பைக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எனக்குக் கட்டணம் மேல் கோபமில்லை. ஒழுங்காக மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்கும், எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டிக் காம்பவுண்டுக்கு வெளியே வீசுகிற வீட்டுக்கும் ஒரே ரேட் என்றால், பிரிக்கிறவர் எதற்குப் பிரிக்க வேண்டும்? சொத்து வரி 2022-ல் 25 சதவிகிதத்திலிருந்து 150 சதவிகிதம் வரை ஏறியது. அதில் பிரிக்கிறவருக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி உண்டா என்று தேடினேன். இல்லை.

இதையெல்லாம் கொரியாக்காரனிடம் போய்க் கற்கத் தேவையில்லை. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் பம்மல் இருக்கிறது. 1989-ல் வங்கி அதிகாரி எம்.பி. நிர்மல் சென்னையில் 'எக்ஸ்னோரா'வை ஆரம்பித்தார். தெருக்காரர்களே மாதச் சந்தா போட்டு, ஒரு வண்டியும் ஓர் ஆளும் வைத்துக் குப்பையை எடுக்கச் செய்தார்கள். அந்தக் காற்று வீசிய 90-களின் நடுவில், பம்மல் சங்கரா நகரில் மங்களம் பாலசுப்பிரமணியமும் சில குடும்பத் தலைவிகளும் கூடி மகளிர் மன்றம் அமைத்தார்கள். வீட்டுக்கு வீடு சந்தா. மக்கும் குப்பையை மண்புழுவிடம் ஒப்படைத்து உரமாக்கினார்கள். தெருவில் ஆரம்பித்தது, 'எக்ஸ்னோரா க்ரீன் பம்மல்' என்று வளர்ந்து, பின்னால் பம்மல் நகராட்சியோடு சேர்ந்து ஊர்க் குப்பையையே கையிலெடுத்தது.

இந்தப் பெண்கள் உரமாக்கிய ஒவ்வொரு டன்னும் லாரி ஏறாத டன். டன்னை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட 2,000 ரூபாய் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த 2,000 யாருக்கு மிச்சம்? உள்ளாட்சிக்கு. அதில் பாதியைப் பிரித்தவர்களுக்குக் கொடு என்று சொல்ல எந்த விதி தடுக்கிறது? புனேயில் 1993-லேயே சங்கம் வைத்துக்கொண்ட குப்பை பொறுக்கும் தொழிலாளிகள், 2008-ல் 'ஸ்வச்ச்' என்ற கூட்டுறவாகி மாநகராட்சியோடு ஒப்பந்தமே போட்டார்கள். வீட்டுக்காரர்கள் கட்டணம் அவர்களுக்கு. பிரித்து விற்கிற காசும் அவர்களுக்கு. அவர்கள் தெருவிலேயே பிரித்துவிடுவதால் அங்கேயும் லாரிக்குச் சுமை குறைந்தது.

ஆக, நான் கேட்பது புதுத் திட்டமோ, புது மெஷினோ இல்லை. மெஷின் வாங்க நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்! பட்ஜெட்டில் ஒரு தலைப்பு: 'கிடங்குக்குப் போகாத குப்பை.' வார்டு வாரியாக எத்தனை டன் குறைந்தது, அதனால் எவ்வளவு மிச்சம், அதில் தூய்மைப் பணியாளருக்கு எவ்வளவு போனது. ஊராட்சி என்றால், 2011 தலையை விட்டுவிட்டு, இன்றைக்கு வீட்டு வரி ரசீது போடுகிற வீடுகளை எண்ணிப் பணம் கொடுக்கட்டும். ரசீது புஸ்தகம் அவர்கள் கையில்தானே இருக்கிறது? வரி வாங்கும்போது தெரிகிற வீடு, மானியம் தரும்போது மட்டும் எப்படி மறைந்துபோகும்?

இதைக் கேட்க இடமும் இருக்கிறது. ஊராட்சியில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை. மாநகராட்சி, நகராட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபா. அன்றைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்ததே, நான் மேலே சொன்ன அதே பம்மலில்தான்!

அடுத்த சபாவுக்கு என்னோடு கீழ் வீட்டு மாமாவையும் கூப்பிட்டிருக்கிறேன். ரயில்வேயில் அக்கவுன்ட்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆடிட் ஆட்சேபணை எழுதுவதில் நிபுணர். என் கேள்வித்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். இரண்டு இடத்தில் கமா திருத்தினார்.

"எல்லாம் கரெக்ட்டுப்பா. ஆனா மீட்டிங்ல டீ, பிஸ்கட் குடுப்பாளே... அந்தக் கவரை எந்த ஹெட்ல எழுதறது?"